அடைத்த கதவும் எரியும் அடுப்பும்



2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு இந்நாடு முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் அமலுக்கு வந்தது. அன்று பகல் நம் கடைத்தெருக்கள் இருந்த நிலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கூட்டுறவுக் கடை வாசலிலும் மருந்துக்கடை வாசலிலும் வரிசைகள் நீண்டு கிடந்தன. அரிசி மூடையைத் தோளிற் சுமந்து சென்றவரும் இருந்தனர். கையிலிருந்த சில்லறையை எண்ணிப் பார்த்து, அரைக் கிலோ பருப்பை மாத்திரம் வாங்கிச் சென்றவரும் இருந்தனர். ஆறு மணிக்குப் பின்னர் இவ்விருவர் வீட்டுக் கதவுகளும் ஒன்றுபோலவே அடைக்கப்பட்டன. ஆனால் அக்கதவுகளுக்கு உள்ளே இருந்த நிலை ஒன்றன்று.

கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டுக்குள்ளே இருக்குமாறு அரசு கட்டளையிடும்போது, சில இடங்களில் மக்கள் மனமொப்பி அடங்கியிருக்கின்றனர்; வேறு சில இடங்களில் காவலையும் மீறி வெளியேறுகின்றனர். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? ஒரு சாராரை அறிவுடையோர் என்றும் மற்றொரு சாராரை அடங்காதோர் என்றும் சொல்லிவிடுவது எளிது. சரித்திரமோ அவ்விதம் சொல்லவில்லை. கதவை அடைக்கச் சொன்னவர் உள்ளே இருக்கும் அடுப்பைப் பற்றியும் எண்ணினாரா என்பதே அது நம்மைக் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்குச் சரித்திரம் தரும் சில விடைகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நோயைத் தடுப்பதற்காக மனிதரை ஒதுக்கி வைக்கும் முறை மிகப் பழையது. அதிரியாத்திக் கடற்கரையிலுள்ள இரகூசா என்னும் நகரம், நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே நகருள் நுழையலாம் என்று 1377 ஆம் ஆண்டிலே விதித்தது. பின்னர் அக்காலவரை நாற்பது நாளாயிற்று. நாற்பது என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரண்டைன்’ என்னும் சொல் பிறந்தது. வந்தவரை வாயிலில் நிறுத்தும் இம்முறை, காலப்போக்கில் உள்ளூரவரை அவர்தம் வீட்டிலேயே அடைக்கும் முறையாகவும் வளர்ந்தது.

அம்முறையின் கடுமையை 1665 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரம் கண்டது. அவ்வாண்டு அங்கே பிளேக் நோய் பரவியது. ஒருவருக்கு நோய் கண்டால், அவருடைய வீடு முழுவதும், நோயற்றவர் உட்பட, நாற்பது நாளுக்கு அடைக்கப்பட்டது. கதவிலே ஓரடி நீளச் செஞ்சிலுவை தீட்டப்பட்டது. ஆண்டவன் இரங்கவேண்டும் என்னும் வாசகம் அதனருகே எழுதப்பட்டது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் எனக் காவலாளர் நிறுத்தப்பட்டனர். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீசு, அவ்வாண்டு யூன் மாதத்திலே இத்தகைய கதவுகள் சிலவற்றைக் கண்டு உள்ளங் கலங்கியதைக் குறித்து வைத்திருக்கின்றார்.

நகரத்தின் செல்வர் பலர் நாட்டுப்புறத்துக்குச் சென்றுவிட்டனர். அரசனும் தன் பரிவாரத்துடன் அகன்றுவிட்டான். செல்ல இடமில்லாதவரே எஞ்சினர். அடைபட்ட வீட்டார்க்கு வேண்டிய பொருளைக் காவலாளர் வாங்கிக் கொடுக்கலாம் என்று விதியிருந்தது. வறியவர்க்குக் கோயிற்பற்று நிதி உதவவேண்டும் என்றும் இருந்தது. ஆயினும் நோய் பெருகியபோது அந்நிதி தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. காவலாளரை ஏமாற்றியும் பின்புறத்தால் இறங்கியும் பலர் தப்பிச் சென்றனர். நோயை அடைப்பதற்கு இட்ட பூட்டே நோயாளியை ஒளித்து வைக்கும்படி அயலாரைத் தூண்டியது. செப்ரெம்பர் மாதத்தில் ஒரே வாரத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிளேக்கினால் இறந்தனர் என மரணப் பட்டியல் கூறுகின்றது. அவ்வாண்டுப் பட்டியலில் பிளேக்குக்கு இரையானோராகக் கணக்கிடப்பட்டவர் 68,000 பேருக்கும் அதிகம். உண்மைத் தொகை அதனினும் பெரிது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இக்கொள்ளைநோயைப் பற்றித் தானியேல் டீபோ 1722 இல் ஒரு நூலை வெளியிட்டார். நோய் வந்த ஆண்டில் அவர் சிறுபிள்ளை. 1720 இல் பிரான்சு நாட்டு மார்செயில் துறைமுகத்திலே மீண்டும் பிளேக் தோன்றியபோது, தம் நாட்டார் முன்கூட்டியே விழிப்படைய வேண்டும் என்னும் கருத்துடன் அதனை எழுதினார். கற்பனைப் பாத்திரம் ஒன்று கதை சொல்வதாக அமைந்த நூலாயினும், வீட்டு ஆயத்தம் என்னும் பொருளை இத்துணை நுணுக்கமாக நோக்கிய பழைய நூல் வேறொன்றைக் காண்டல் அரிது. அதிலே கதை சொல்பவன் இரண்டு மூடை மா வாங்கித் தன் வீட்டிலேயே பாண் சுடுகின்றான். வெண்ணெயும் பாற்கட்டியும் சேமித்து வைக்கின்றான். இறைச்சிக் கடைக்குப் போவதையே விட்டுவிடுகின்றான். கடைக்குச் செல்வோர் காசைக் கையிற் கொடாது வினாகிரி நிறைந்த கலத்திலே இடுவதையும் அந்நூல் வருணிக்கின்றது. அன்றாடம் உணவு வாங்க வெளியே போகவேண்டியிருந்தமையே அந்நகரின் அழிவுக்குப் பெருங் காரணம் என்று அவன் முடிவு செய்கின்றான். உடனே, வறியவர்க்குச் சேமித்து வைக்க வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்கின்றான். வீட்டு ஆயத்தம் என்பதன் முழுப் பிரச்சினையும் இவ்விரு கூற்றுக்களில் அடங்கிவிட்டது எனலாம்.

இனி, இலண்டனை விட்டு அதற்கு வடக்கே, தார்பிசயர் மலைநாட்டிலுள்ள ஈயம் என்னும் சிற்றூருக்குச் செல்வோம். 1665 ஆம் ஆண்டின் கோடை முடிவிலே, அவ்வூர்த் தையற்காரர் ஒருவர் வீட்டுக்கு இலண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. அப்பொதியோடு நோயும் வந்ததென்பது வழிவழி வந்த செய்தி. செப்ரெம்பர் தொடக்கத்தில் முதல் மரணம் நிகழ்ந்தது. குளிர்காலத்தில் தணிந்திருந்த நோய், அடுத்த ஆண்டு வெப்பம் ஏறியபோது மீண்டும் மூண்டது.

1666 யூன் மாதத்திலே, அவ்வூர்க் குருவாகிய வில்லியம் மொம்பெசன் என்பாரும், அவருக்கு முன் அப்பதவியில் இருந்த தோமசு சுரான்லி என்பாரும் ஊராரைக் கூட்டி, ஒருவரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்னும் முடிவுக்கு அவர்களை இணக்கினர். இருவரும் சமயக் கொள்கையில் எதிரெதிரானவர்கள். சுரான்லி அக்கொள்கை காரணமாகவே பதவியிழந்தவர். ஊர் அழியும் வேளையிலே அவ்விருவரும் ஒருமித்து நின்றனர். ஊராரும் இணங்கினர். வழிபாட்டைக் கோயிற் கட்டடத்துள் நடாத்தாது திறந்த வெளியிலே நடாத்தினர். இறந்தவரை அவரவர் குடும்பத்தாரே தத்தம் நிலத்தில் அடக்கஞ் செய்தனர். ஒரு தாய் எட்டு நாட்களுக்குள் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். மொம்பெசனின் மனைவியும் ஆகத்து மாதத்தில் நோய்க்கு இரையானார். நொவெம்பரிலே நோய் ஓய்ந்தபோது, மாண்டவர் ஏறக்குறைய 260 பேர். அச்சிற்றூருக்கு அது தாங்கொணாத இழப்பு. ஆனால் சுற்றியிருந்த ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

இத்தியாகத்தைப் பாராட்டுவோர் பலர். அது நடைபெறுவதற்கு வழிசெய்த மற்றொரு செய்தியை நினைப்போர் சிலரே. அயலிலே சட்சுவேர்த் மாளிகையில் வாழ்ந்த தெவன்சயர்ப் பிரபு, அடைபட்ட ஊருக்கு உணவுப் பொருள்களை அனுப்ப முன்வந்தார். அயலூரவர் எல்லைக் கல்லருகிலும் ஒரு நீரூற்றின் பக்கத்திலும் உணவையும் மருந்தையும் வைத்துவிட்டு அகன்றனர். ஈயத்து மக்கள் கல்லிற் குடைந்த குழிகளிலே வினாகிரியை ஊற்றி, அதற்குள் காசை இட்டுவிட்டுப் பொருளை எடுத்துச் சென்றனர். அக்கல் இன்றும் அங்கே இருக்கின்றது. எல்லைக்கு அப்பால் நின்ற ஒருவர் தங்களை மறக்கவில்லை என்பதை ஊரார் நாள்தோறும் தம் கண்ணாலே கண்டனர். இலண்டனிலே காவலாளன் கோலோடு நின்றான். ஈயத்திலே கல்லின்மேல் பாண் இருந்தது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நேயர்களே, நமக்கு அண்மையிலுள்ள பாரத நாட்டிலும் இதே பாடம் வேறொரு விதமாகக் கற்பிக்கப்பட்டது. 1896 இல் பம்பாயிலே பிளேக் தோன்றி, பின்னர் பூனா நகருக்குப் பரவியது. 1897 பெப்ரவரியில் பிரித்தானிய அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. பூனாவிலே இராண்ட் என்னும் அதிகாரியின் தலைமையில் அமைந்த குழு, படைவீரரைக் கொண்டு வீடுவீடாகச் சோதனை நடாத்தியது. சமையலறைக்குள்ளும் பூசையறைக்குள்ளும் சப்பாத்துக் கால்கள் நுழைந்தன; பெண்கள் அந்நியராற் சோதிக்கப்பட்டனர்; வீட்டுப் பொருள்கள் தீயிலிடப்பட்டன. நோயை அஞ்சியதிலும் அதிகமாகச் சோதனையை மக்கள் அஞ்சினர். நோயாளரை மறைத்தனர், இறந்தவரையும் மறைத்தனர். 1897 யூன் 22 ஆந் திகதி இரவு, விக்ரோறியா மகாராணியாரின் வைரவிழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பும் வழியில் இராண்ட் சுடப்பட்டார். சில நாட்களின் பின் இறந்தார். சுட்ட சாபேகர் சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். பிற்காலத்தில் அரசாங்கம் பலவந்தத்தைத் தளர்த்தி, உள்ளூரவரின் ஒத்துழைப்பை நாடவேண்டியதாயிற்று. நோயைத் தடுக்கும் நோக்கம் தவறன்று. மனிதரை மதியாத முறையே தவறு.

அதே 1897 ஆம் ஆண்டிலேதான் இலங்கையிலும் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் மூன்றாம் இலக்கச் சட்டமாகப் பிறந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றும், 2020 இல் கொரோனா நோய் வந்தபோது, பாரதத்திலும் இலங்கையிலும் அரசுகள் இப்பழைய சட்டங்களையே கையில் எடுத்தன. சட்டம் பழையதாயினும், அதன் கீழ் வாழ்ந்த மக்கள் கொண்ட மனப்பான்மை என்ன? வீடுகள் எவ்வாறு ஆயத்தமாயின? இதனை நாம் நூலிற் படிக்கவேண்டியதில்லை. நாமே கண்டோம்.

2020 சனவரி 27 ஆந் திகதி, சீன நாட்டிலிருந்து வந்த பயணி ஒருவருக்கு நோய் இருப்பது இங்கே உறுதிசெய்யப்பட்டது. மார்ச்சு மாதத்தில் இந்நாட்டவர் ஒருவரிடம் நோய் காணப்பட்டது. அடுத்து வந்த இரண்டொரு நாளிற் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னரே நான் முதலிற் சொன்ன ஊரடங்கு வந்தது. கொழும்பு முதலிய இடங்களில் அது இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது.

வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்க்கு ஊரடங்கு என்னும் சொல் புதியதன்று. போர்க்காலத்திலே, பாதை அடைபட்டும் பொருள் வராதும் இருந்த ஆண்டுகளிலே, எங்கள் தாய்மார் அடுக்களையையே ஒரு களஞ்சியமாக்கக் கற்றிருந்தனர். ஒடியலும் புழுக்கொடியலும் ஓலைப்பெட்டியில் இருந்தன. வறுத்த அரிசி மாவும் குரக்கன் மாவும் தகரப்பேணியில் இருந்தன. மோர்மிளகாயும் வடகமும் கூரைக்குக் கீழே தொங்கின. வேலியோரத்து முருங்கை இலைக்குக் காசு வேண்டியதில்லை. என் தாயார் ஒவ்வொரு நாளும் உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறொரு பானையில் இடுவார். ‘இது நாளைக்கு’ என்பார். 2020 இல் எங்கள் ஊர்களிலே பதற்றம் ஓரளவு குறைந்திருந்ததற்கு இப்பழைய பழக்கம் ஒரு காரணமென்றே எண்ணுகின்றேன். துன்பம் கற்பித்த பாடமாதலின், அதனைப் பெருமையாகச் சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் பாடம் பாடந்தான்.

நாடெங்கும் நல்ல காட்சிகள் பலவற்றைக் கண்டோம். மரக்கறி வியாபாரிகள் சிறு வாகனங்களிலே வீட்டு வாசலுக்கு வந்தனர். முற்றங்களிலே கீரைப்பாத்திகள் தோன்றின. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இரவு பகலாக உழைத்தனர். கிராம அலுவலர் தம் பிரிவிலுள்ள குடும்பங்களைப் பட்டியலிட்டனர். வருமானம் இழந்த குடும்பங்களுக்கு ஏப்பிரல், மே மாதங்களில் ஐயாயிரம் ரூபாய் கொடுப்பனவு வழங்கப்பட்டது. ஈயத்துக் கல்லின்மேல் வைத்த பாண் போன்றதே இவையெல்லாம்.

ஆனால் கல்லருகே வரமுடியாதவரும் இருந்தனர். மாதச் சம்பளக்காரர் ஒரு மாதத்துக்குப் பொருள் வாங்கி வைக்கலாம். அன்றாடம் உழைத்து அன்றாடம் உலை வைப்பவர், ‘ஆயத்தமாயிருங்கள்’ என்னும் அறிவுரையைக் கேட்டு என் செய்வார்? கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்த இளம் பெண்கள் பலர், ஊருக்குத் திரும்ப வழியின்றி நெருக்கமான விடுதியறைகளிலே தங்க நேர்ந்தது. 2020 மே 21 ஆந் திகதி, கொழும்பு மாளிகாவத்தையிலே நோன்புக் காலத்துத் தானப்பணம் வழங்கப்பட்ட இடத்தில் மக்கள் திரண்டனர். அந்நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தனர். கூட்டம் கூடக்கூடாது என்பதை அவர்கள் அறியாதவர்களா? அறிந்திருந்தும் வந்தார்கள். ஊரடங்கை மீறியவர் தொகையைச் சொல்லும்போது, மீறச் செய்த காரணத்தின் தொகையையும் நாம் கேட்கவேண்டும்.

இவ்விடத்தில் என் குறையொன்றையும் சொல்லவேண்டும். பாடசாலையை மூடும்படி கட்டளை வந்த அன்று, பாடத்திட்டத்தைப் பற்றியும் பரீட்சைகளைப் பற்றியுமே ஆசிரியர்களோடு கலந்து பேசினேன். மூன்று வாரம் கழிந்தபின், கூட்டுறவுக் கடை வரிசையிலே ஒரு மாணவனின் தாயார் என்னைக் கண்டு, ‘பள்ளிக்கூடம் எப்ப சேர் திறப்பியள்?’ என்று கேட்டார். படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று மகிழ்ந்தேன். அவர் தொடர்ந்து, ‘அங்க வந்தால் பிள்ளை ஒரு நேரமாவது சாப்பிடும்’ என்றார். எங்கள் பாடசாலையிலே காலையில் உணவு வழங்கும் ஒழுங்கு இருந்தது. வகுப்பறைக் கதவை அடைத்தபோது ஓர் அடுப்பையும் சேர்த்து அணைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் புலனாயிற்று. அன்றிரவே ஆசிரியர்களோடு தொலைபேசியிற் பேசி, உணவுக்கு எம்மை நம்பியிருந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதினோம். அப்பட்டியல் முதல்நாளே எழுதப்பட்டிருக்கவேண்டும். மூன்று வாரம் பிந்தியதற்குப் பொறுப்பு என்னுடையதே.

உணவைப்போலவே துக்கத்தையும் மதிக்கவேண்டும் என்பதை இக்காலம் நமக்குக் கடுமையாக உணர்த்தியது. நோயினால் இறந்தவரை எரிக்கலாம் அல்லது புதைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்பிரல் முதல் இந்நாட்டில் எல்லா உடல்களும் எரிக்கப்படவேண்டும் என்று விதிக்கப்பட்டது. முசுலிம் மக்கள் தாங்கொணாத வேதனை அடைந்தனர். கிறித்தவருள்ளும் பலர் வருந்தினர். 2021 பெப்ரவரியிலே அவ்விதி மாற்றப்பட்டது. பின்னர் ஓட்டமாவடியிலே அடக்கஞ் செய்ய இடமளிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோருவதெனத் தீர்மானித்தது. இறந்தால் உடலுக்கு என்ன நேருமோ என்று அஞ்சும் குடும்பம், நோயைச் சொல்ல முன்வருமா? பூனாவிலே மக்கள் நோயாளரை மறைத்ததன் காரணத்தை இங்கே நினைத்துப் பார்த்தல் தகும்.

ஆகவே, நேயர்களே, மீண்டும் ஒரு கொள்ளைநோய் வருமாயின் நாம் எவ்வாறு ஆயத்தமாவது? இயன்ற வீட்டார், இரண்டு வாரத்துக்குப் போதுமான அரிசி, மா, பருப்பு, உப்பு, சவர்க்காரம் என்பவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்தல் நன்று. கடைசி நாளில் ஓடிச்சென்று அள்ளுதல் ஆயத்தமன்று. அது அயல்வீட்டாரின் பங்கையும் எடுத்தலாகும். நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நோயுள்ளவர் ஒரு மாதத்து மருந்தைக் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். தனித்து வாழும் முதியவர் யார், அன்றாடக் கூலியை நம்பியிருப்போர் யார் என்பதை ஒவ்வோர் ஒழுங்கையிலும் யாரேனும் ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும். பாடசாலைகள் தம் பிள்ளைகளின் பசியைப் பாடக்குறிப்போடு சேர்த்தெழுதி வைத்தல் வேண்டும். அரசோ, ஊரடங்கை அறிவிக்கும் அதே அறிவித்தலில், உணவு எங்கே, எப்போது, யார் மூலம் வரும் என்பதையும் மக்கள் அறியும் மொழியிலே அறிவித்தல் வேண்டும்.

என் தாயார் இப்போது இல்லை. அவர் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்த அப்பானை எங்கள் அடுக்களையில் இன்னும் இருக்கின்றது. அதனை அவர் தம் பிள்ளைகளுக்காக மாத்திரம் நிரப்பினார் என்று சிறுவயதிலே எண்ணியிருந்தேன். ஊரடங்கு நாட்களிலே, வேலிக்கு மேலாக ஒரு சுண்டு அரிசி அடுத்த வீட்டுக்குப் போனதும் அப்பானையிலிருந்துதான் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது.